கேம்பர் வேனில் சொந்தம் பார்க்கப் போன கதை: ஒரு பழைய பஸ் டிரைவரின் மதிப்பீடு

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் வேன், டீசல், ஆட்டோமேட்டிக் கியர். கூரையை அறுத்து மேலே ஃபைபர் தொப்பி ஒன்றைக் கவிழ்த்து உயர்த்தியிருக்கிறார்கள். என் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், உள்ளே தலை இடிக்காமல் நிற்க முடிந்தது. பின்பக்கம் ஒரு மேசை, இருபுறமும் மெத்தைப் பெட்டி. ராத்திரி மேசையைக் கீழே இறக்கி மெத்தையைப் பரப்பினால் இரண்டு பேர் படுக்கலாம். ஒற்றைக் கேஸ் அடுப்பு, கைவிரலால் அமுக்கினால் தண்ணீர் வரும் சின்னத் தொட்டி, இடுப்பளவு ஃபிரிட்ஜ். கழிப்பறை கிடையாது. மீட்டர் 2,84,000 கிலோமீட்டர் காட்டியது. மகன் அதைப் பார்த்து முகம் சுளித்தான். எனக்கு அது ஒரு எண்ணிக்கையாகவே படவில்லை. ராஜபாளையம் டிப்போவில் 31 வருஷம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். இரண்டே முக்கால் லட்சம் ஓடிய வண்டியைப் புது வண்டி என்று அடித்துப்பிடித்து வாங்கிக்கொண்டு போவோம்.

வாடகைக்குக் கொடுத்த கம்பெனியின் பேரைச் சொல்லப்போவதில்லை. அவர்களோடு எனக்கு ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

மகன் ஆஸ்திரேலியாவில், சிட்னியில் வென்ட்வர்த்வில் பக்கம் இருக்கிறான். போன அக்டோபரில் நானும் வீட்டுக்காரியும் மூன்று மாதம் தங்கப் போனோம். அவன் வீட்டிலிருந்து தெற்கே மெல்பர்ன் வரைக்கும் கடலோரமாக மூன்று வீடுகள் பார்க்க வேண்டியிருந்தது. வொலங்காங்கில் என் அக்கா மகன், யுனிவர்சிட்டியில் படிக்கிறான். பீகாவில் என் பழைய கண்டக்டர், மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். மெல்பர்னில் டண்டெனாங் பக்கம் வீட்டுக்காரியின் தங்கை மகள். விமானத்தில் போனால் மெல்பர்ன் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் நடுவில் இருக்கிற இரண்டு வீடும் விட்டுப்போகும். ரயில் பொமடேரியோடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே கடலோரத்தில் தண்டவாளமே இல்லை, பஸ்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் மாற வீட்டுக்காரியின் முழங்கால் சம்மதிக்காது.

மருமகள்தான் கேம்பர் வேன் யோசனை சொன்னாள். "மாமா, அங்க எல்லார் வீட்லயும் ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. நீங்க போய் இறங்கினா லீவு போடணும், ரூம் ஒழிக்கணும். படுக்கையைக் கூடவே கொண்டுபோனா யாருக்கும் சிரமம் இல்ல." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் ஊரில் பத்துப் பேர் வந்தாலும் ஹாலில் பாயை விரித்துவிடலாம். அங்கே ஒரு விருந்தாளி என்றால் ஒரு அறை, ஒரு கட்டில். ஆக, இந்த வேனை நான் மதிப்பிடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான்: விருந்தாளிக்கு உகந்த வண்டியா இது?

கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன், தேடிப் படிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு 104 டாலர் வாடகை, ஒன்பது நாளுக்கு 936. சிட்னியில் எடுத்து மெல்பர்னில் விடுவதற்குத் தனியாக 150. விபத்து நடந்தால் நம் தலையில் விழும் தொகையைக் குறைக்க ஒரு நாளைக்கு 32 வீதம் 288. மொத்தம் 1,290 கிலோமீட்டர் ஓடினோம், லிட்டருக்குப் பத்து கொடுத்தது, டீசல் 245 டாலர். காரவன் பார்க்கில், அதாவது வேனை நிறுத்தி ராத்திரி தங்குகிற இடத்தில், நான்கு இரவு, 193. எல்லாம் சேர்த்து 1,812 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம். வீட்டுக்காரியிடம் இதை மெல்பர்ன் போய்ச் சேர்ந்த பிறகுதான் சொன்னேன்.

லைசென்ஸ் ஒரு பிரச்சினையே இல்லை. நம் ஊர் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் சுற்றுலா விசாவில் போனவர்கள் அதையே காட்டி ஓட்டலாம். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். மகன் இரண்டு எச்சரிக்கை கொடுத்தான். போனைக் கையில் தொட்டாலும் பெல்ட் சரியாகப் போடாவிட்டாலும் ரோட்டுக்கு மேலே இருக்கிற கேமரா படம் எடுத்து அபராதம் அனுப்பிவிடும். அப்புறம், இருட்டின பிறகு ஊருக்கு வெளியே ஓட்டக் கூடாது, கங்காரு குறுக்கே வரும். வாடகை ஒப்பந்தத்திலும் பொடி எழுத்தில் அது இருந்தது: இருட்டில் மிருகத்தின் மீது மோதினால் காப்பீடு செல்லாது. இதை எல்லாரும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். மகன் குடும்பம் காரில் ஹெலன்ஸ்பர்க் வரை வந்து வழியனுப்பியது. காட்டுக்கு நடுவே மேடான இடத்தில் வெங்கடேசுவரர் கோவில், 1985இல் கும்பாபிஷேகம் ஆனது. சனி ஞாயிறுகளில் அங்கே கேன்டீன் உண்டு. கோவிலுக்கு வருகிற கூட்டத்தில் பாதி கேன்டீனுக்கு வருகிறது என்று மகன் சொன்னான், வரிசையைப் பார்த்தால் பொய் என்று தோன்றவில்லை. மசால் தோசை நன்றாகவே இருந்தது. புளியோதரையை ஒரு டப்பாவில் கட்டி வாங்கிக்கொண்டோம். மருமகள் ஐந்து லிட்டர் டப்பாவில் இட்லி மாவு அரைத்துக் கொடுத்திருந்தாள், அதை ஃபிரிட்ஜில் ஏற்றினேன். இந்த மாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெலன்ஸ்பர்க் தாண்டியதும் பெரிய ரோட்டை விட்டுவிட்டுக் கடலோர ரோட்டில் இறங்கினேன். அங்கே சீ கிளிஃப் பாலம் என்று ஒன்று இருக்கிறது, 665 மீட்டர் நீளம். முன்பு ரோடு மலையடியை ஒட்டியே போய்க்கொண்டிருந்ததாம். பாறை உருண்டு உருண்டு விழுந்து 2003இல் ரோட்டை மூடிவிட்டார்கள். மலையோடு மல்லுக்கட்டாமல், ரோட்டையே மலையை விட்டு விலக்கிக் கடலுக்கு மேலே கொண்டுபோய்விட்டார்கள், 2005 கடைசியில் திறந்தார்கள். ஒரு டிரைவராகச் சொல்கிறேன், ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் அந்த வளைவு உட்கார்ந்த மாதிரி வேறெந்த வளைவும் உட்கார்ந்ததில்லை. வீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்கா மகன் தங்கியிருந்தது ஒரு அடுக்குமாடியில், இரண்டு படுக்கையறை, நான்கு பையன்கள். கீழே வண்டி நிறுத்தும் இடத்தின் வாசலில் 2.1 மீட்டர் உயரம் என்று மஞ்சள் கம்பி தொங்கியது. எங்கள் வண்டி அதற்குள் தலையைக்கூட விட முடியாது. தெருவில் இரண்டு மணி நேரம்தான் நிறுத்தலாம். ஆக, புல்லி கடற்கரைக் காரவன் பார்க்குக்குப் போனோம். அங்கேதான் வேன் தன் அருமையைக் காட்டியது. நாங்கள் விருந்தாளியாகப் போனது போய், அவன் எங்களுக்கு விருந்தாளியாக வந்தான். புளியோதரை, அப்பளம், வீட்டுக்காரி வறுத்த உருளைக்கிழங்கு. பையன் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டுப் பெட்டி மெத்தையிலேயே தூங்கிப்போனான். எழுப்ப மனசில்லாமல் நாங்கள் இருவரும் மடக்கு நாற்காலியை வெளியே போட்டுப் பத்து மணி வரை அலையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினோம். அக்கா ஒன்றும் பேசவில்லை, முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

கயாமாவில் பாறைத் துளை வழியாகக் கடல் தண்ணீர் 25 மீட்டர் வரைக்கும் பீய்ச்சும் என்று படம் போட்டு வைத்திருக்கிறார்கள். தென்கிழக்கிலிருந்து அலை அடித்தால்தான் அந்த வேடிக்கையாம். நாங்கள் போன அன்று விக்கல் எடுத்த மாதிரி இரண்டு தடவை 'புஸ்' என்றது. காத்திருக்காமல் கிளம்பிவிட்டோம்.

வண்டியின் முதல் குறை ஜார்விஸ் பேயில் தெரிந்தது. ஹஸ்கிசனில் வேனை நிறுத்திவிட்டு டால்பின் பார்க்கப் படகில் போய், கரையில் நடந்து, மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பினோம். கதவைத் திறந்தால் புளித்த வாடை. ஃபிரிட்ஜ் கதவு தானே திறந்து கிடக்கிறது, மாவு டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, வழிந்து, தரையில் ஓடி, டிரைவர் சீட் வரைக்கும் வந்துவிட்டது. வண்டிக்கு இரண்டு பேட்டரி: ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று வீட்டுக்கு. வண்டி ஓடும்போது வீட்டு பேட்டரி சார்ஜ் ஆகும், நின்றால் அதிலிருந்து ஃபிரிட்ஜ் ஓட வேண்டும். ஆறு மணி நேரம் அது தாங்கவில்லை. உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். அப்புறம் ஒரு பெண் வந்து, "கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள், சார்ஜ் ஆகிவிடும்" என்றாள். அதுவரை நான் என்ன தள்ளிக்கொண்டா வந்தேன்?

மெத்தைப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். டெர்மினல் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஒரு செம்பு வெந்நீரை ஊற்றிக் கழுவி, துணியால் துடைத்து, கிளாம்பைக் கழற்றிச் சுரண்டி, இறுக்கினேன். டிப்போவில் ஹெல்பர் பையன் செய்கிற வேலை. அதற்குப் பிறகு பேட்டரி ராத்திரி முழுக்கத் தாங்கியது. ஒரு கம்பெனி இத்தனை டாலரை வாங்கிக்கொண்டு ஒரு செம்பு வெந்நீர் ஊற்றாதா? நீங்கள் வேன் எடுக்கிறீர்கள் என்றால், டயரையும் பெயின்ட்டையும் பார்ப்பதற்கு முன் மெத்தையைத் தூக்கிப் பேட்டரியைப் பாருங்கள். மிஞ்சிய மாவில் வீட்டுக்காரி இரண்டு நாள் ஊத்தப்பம் ஊற்றினாள். இட்லிக்கு அது லாயக்கில்லாமல் போயிருந்தது.

நவ்ராவுக்குத் தெற்கே பிரின்சஸ் ஹைவே பெரும்பாலும் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசைதான். எனக்குப் பிடித்த மாதிரி ரோடு. சில கிலோமீட்டருக்கு ஒருமுறை முந்திப்போவதற்கென்றே ஒரு வரிசை கூடுதலாக வரும். அதுவரை பின்னால் வருகிறவன் பொறுமையாக வருகிறான், விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பதில்லை. பேட்மன்ஸ் பே தாண்டினால் மோகோ, இன்னும் தெற்கே கொபார்கோ. 2019 கடைசி நாளில் காட்டுத்தீ வந்து இந்த ஊர்களின் கடைத்தெருவைத் தின்றுவிட்டுப் போனது. மரங்கள் இன்னும் கரிந்த அடியோடு நிற்கின்றன. அந்தக் கரிக்கு மேலேயே பச்சை மறுபடியும் அடர்ந்திருக்கிறது. கொபார்கோவில் ஒரு டீ குடித்தோம். கடைக்கார அம்மா எங்களை எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். பீகாவுக்கு, நண்பரைப் பார்க்க, என்றேன். நல்லது, என்றார். காசைக் குறைத்துக்கொள்ளவில்லை.

நரூமாவில் ஒரு ராத்திரி. இங்கே ஒரு விஷயத்தை மனதாரப் பாராட்ட வேண்டும். அந்த நாட்டில் பூங்காக்களில் மின்சார அடுப்பு வைத்திருக்கிறார்கள், இரும்புத் தட்டு, பொத்தானை அமுக்கினால் சூடாகும், காசு கிடையாது. துறைமுகத்தில் ஃபிளாட்ஹெட் என்கிற மீனை வாங்கி, வேனுக்குள் மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் தடவி, பூங்காவில் அந்தத் தட்டில் போட்டு வறுத்தாள் வீட்டுக்காரி. உளுவை மாதிரி வெள்ளைச் சதை, முள் குறைவு. நாயோடு நடந்து வந்த ஒரு வயதான தம்பதி நின்று மோந்து பார்த்தார்கள். இரண்டு துண்டு கொடுத்தோம். கணவர் சாப்பிட்டுவிட்டு இருமினார், மனைவி இன்னொன்று கேட்டார். அந்த மஞ்சளுக்கு நான் பிறகு எவ்வளவு கொடுத்தேன் என்பது அப்போது தெரியாது.

இனி பீகா. பதினான்கு வருஷம் ராஜபாளையம், மதுரை வழித்தடத்தில் நானும் அவரும் ஒரே வண்டி. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை "கண்டக்டரே" என்பேன், அவர் என்னை "டிரைவரே" என்பார். வீட்டு விசேஷத்தில்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மகள் பீகா ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு மேட்டில் வீடு, எதிரே பச்சைப் பள்ளத்தாக்கு, கறுப்பும் வெள்ளையுமாக மாடுகள். நான் வேனை வளைத்து வாசலுக்குப் போகிறேன், வீட்டுக்குள்ளிருந்து கைலியோடு ஓடி வந்து பின்னால் நின்றுகொண்டார். "வரலாம், வரலாம், லெஃப்ட் ஒடி, வரலாம், ஹோல்டான்!" வண்டியில் பின்பக்கக் கேமரா உண்டு, மழைத்துளி பட்டால் ஒன்றும் தெரியாது. அதைவிட இவர் துல்லியம். கதவைத் திறந்து இறங்கினேன். இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, அந்தப் பழக்கம் இல்லை. "என்ன டிரைவரே, அரைமணி லேட்டு" என்றார்.

தகராறு ராத்திரிதான். சாப்பாடு முடிந்து நாங்கள் வேனில் படுத்துக்கொள்கிறோம் என்றதும் மகளுக்கு முகம் வாடிவிட்டது. "மாமா, மூணு நாளா ரூமை ஒழிச்சு, புது பெட்ஷீட் வாங்கிப் போட்டிருக்கேன். வீட்டு வாசல்ல வந்து வண்டியில படுப்பீங்களா? அப்ப எதுக்கு இங்க வந்தீங்க?" மருமகளின் கணக்கு அங்கே தப்பிவிட்டது. சிரமம் கொடுக்காமல் இருப்பது மரியாதை என்று நாம் நினைக்கிறோம். இன்னும் கொஞ்சம் சிரமம் கொடு என்று கேட்கிற வீடும் இருக்கிறது. கண்டக்டர்தான் தீர்ப்புச் சொன்னார். பெண்கள் இருவரும் அறையில். ஆண்கள் இருவரும் வேனில்.

ஆக, அந்த மெத்தையைப் பற்றி நான் இரண்டு அறுபது வயது ஆண்களின் சார்பில் சொல்ல முடியும். நீளம் போதும், அகலம் போதாது. மேசைப் பலகைக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, நடு முதுகில் உறுத்தும். ஒரு போர்வையை மடித்து அதில் திணித்துவிட்டால் சரியாகிவிடும். அவர் இடப்பக்கம் படுத்தார், நான் வலப்பக்கம், வண்டியில் எப்படி இருப்போமோ அப்படி. அவர் குறட்டைக்கு வேனின் தகரம் அதிர்ந்தது. ராத்திரி குளிர் கடுமை. கொடுத்திருந்த போர்வை அக்டோபருக்குக்கூடப் போதாது. விடியற்காலை எனக்கு விழிப்பு வந்தது. இருட்டில், "மணி என்ன?" என்றார் அவர். பார்த்தேன். 4.10. எங்கள் முதல் சிங்கிள், அதாவது முதல் நடை, கிளம்புகிற நேரம். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எழுந்து கேஸ் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டுக் குடித்தோம். விடியும்வரை எந்த டிரைவர் எங்கே இருக்கிறார், யார் போய்ச் சேர்ந்தார் என்று பேசினோம். மூன்று ராத்திரியும் அப்படியே.

அந்த அடுப்புக்கு முழு மதிப்பெண். காரணம் சொல்கிறேன். சிட்னி விமான நிலையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒன்றரைக் கிலோவை நான் படிவத்தில் ஒழுங்காக எழுதிக் காட்டினேன். அதிகாரி மரியாதையாகப் பேசி, மரியாதையாகக் குப்பையில் போட்டார். நம் நாட்டிலிருந்து பால் பண்டம் அங்கே போகாது. முறுக்கை விட்டுவிட்டார். அதைச் சொன்னதும் கண்டக்டர் என்னைப் பீகா சீஸ் மியூசியத்துக்குக் கூட்டிப்போனார். 1899இல் விவசாயிகள் கூட்டுறவாக ஆரம்பித்த கம்பெனி, இப்போது ரொட்டியில் தடவுகிற வெஜிமைட்டும் அவர்களுடையதுதான். "பாரும் டிரைவரே, ஊர் பூரா பால். பால்கோவா கிண்ட ஒரு ஆள் இல்ல" என்றார். அன்று சாயங்காலம் அவர் மனைவி நான்கு லிட்டர் பால் வாங்கினார். வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பு, ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினிய உருளி அதில் சூடாகாது. வேன் அடுப்பு இருந்தது. உருளியை அதில் ஏற்றி, பெண்கள் மாற்றி மாற்றி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிண்டினார்கள். கேஸ் குப்பி இரண்டு காலி. ஸ்ரீவில்லிபுத்தூர் ருசி வரவில்லை, விறகு அடுப்பு இல்லையே. ஆனால் உருளியைச் சுரண்டுவதற்கு அடிதடி நடந்தது.

இரண்டாம் நாள் ஈடன் போனோம், அறுபது கிலோமீட்டர். வேனில் பெல்ட் இருக்கிற சீட்டு இரண்டுதான். நினைவில் வையுங்கள், பேரன் பேத்தியைக் கூட ஏற்ற முடியாது. பெண்கள் மகளின் காரில் வந்தார்கள். நானும் கண்டக்டரும் வேனில். ஒவ்வொரு ஊர் எல்லை வரும்போதும் அவர் வாய்க்குள்ளேயே ஒரு விசில் கொடுத்தார். மெரிம்புலாவில், "மெரிம்புலா எல்லாம் இறங்கு" என்றார்.

ஈடனில் கொலைத் திமிங்கில மியூசியம் என்று ஒன்று. ஓல்ட் டாம் என்கிற ஓர்க்காவின், அதாவது கொலைத் திமிங்கிலத்தின், எலும்புக்கூட்டை முழுசாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். 1930இல் செத்தது. அதன் கதையை மாட்டியிருந்த பலகையில் கண்டக்டர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். அந்த விரிகுடாவில் ஓர்க்காக் கூட்டம் பெரிய திமிங்கிலத்தை உள்ளே விரட்டிக்கொண்டு வருமாம். டாம் மட்டும் கரைக்கு வந்து வாலால் தண்ணீரில் அடித்து ஆட்களைக் கூப்பிடுமாம். ஆட்கள் படகில் போய் ஈட்டி எறிந்து கொல்வார்கள். கூலியாக நாக்கையும் உதட்டையும் ஓர்க்காக்களுக்கு விட்டுவிடுவார்கள், மிச்சம் மனிதனுக்கு. அந்த மண்ணின் யுயின் மக்கள் இந்த ஏற்பாட்டை வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். டாமின் பல் ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது, படகுக் கயிற்றைப் பல்லால் பிடித்து இழுத்ததால் என்று சொல்கிறார்கள். கண்டக்டர் அந்தத் தேய்ந்த பல்லையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "விசில் அடிக்கிறது ஒருத்தன், ஓட்டுறது ஒருத்தன். நாக்குதான் பேட்டா" என்றார். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு கிழவர்கள் எலும்புக்கூட்டைப் பார்த்து ஏன் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்தபோது மேட்டிலிருந்து தூரத்தில் ஒரு திமிங்கிலம் ஊதியது தெரிந்தது. அக்டோபரில் குட்டியோடு தெற்கே போகிற காலம்.

நான்காம் நாள் காலை கிளம்பினோம். அதுவரை எத்தனையோ நூறு கிலோமீட்டர் ஓட்டியும் நான் ஹாரனைத் தொடவே இல்லை, அது வேலை செய்யுமா என்றுகூடத் தெரியாது. மகள் ஆறு டப்பா கட்டிக் கொடுத்தாள். கண்டக்டர் வேனின் பின்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டி, இரண்டு விரலை வாயில் வைத்து டபுள் விசில் அடித்தார். மேட்டில் மாடுகள் நிமிர்ந்தன. ஹாரனை அடித்தேன். வேலை செய்தது.

விக்டோரியா மாநில எல்லை தாண்டியதும் காடு, காடு, காடு. மல்லகூட்டா திருப்பத்தில் நின்று ஆறு டப்பாவில் ஒன்றைத் திறந்தோம். தீ வந்த சமயம் அந்த ஊரில் சிக்கிய ஜனங்களைக் கடற்படைக் கப்பல் வந்து ஏற்றிப்போனது, 2020 ஜனவரி ஆரம்பத்தில். ஒரே ஒரு ரோடு, அதுவும் மூடிப்போனால் கடல்தான் வழி. லேக்ஸ் என்ட்ரன்ஸில் ஒரு ராத்திரி தங்கினோம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மழை பெய்தது, வேன் ஒழுகவில்லை. அதற்கு ஒரு மதிப்பெண்.

டண்டெனாங் பக்கத்து வீட்டில் வேனை வாசலில் நிறுத்தி அதில்தான் படுத்தோம். தங்கை மகள் மறுப்புச் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற பெண், எங்களுக்கும் அதுதான் சரி என்று பட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்காரிக்குக் கழிப்பறை போக வேண்டும். கொடுத்த சாவியால் கதவைத் திறந்தோம். அலாரம் அலறியது. தங்கை மகள், மாப்பிள்ளை, இரண்டு பிள்ளைகள், எதிர்வீட்டு நாய், எல்லாம் எழுந்துவிட்டன. யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று வண்டி எடுத்தவர்கள் தெருவையே எழுப்பினோம். உங்கள் முழங்காலுக்கும் வயதுக்கும் ஏற்றது கழிப்பறை உள்ள வேன்தான். வாடகை கூடும், பரவாயில்லை.

காலையில் வேனை ஒப்படைத்தேன். பையன் ஒருவன் டார்ச் அடித்துச் சுற்றி வந்தான், எங்கள் செக்கிங் இன்ஸ்பெக்டர் தோற்றார். உள்ளே வெள்ளை மேடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை. நரூமா மீன். வெயிலில் வைத்தால் தானே போய்விடும் என்றேன், கேட்கவில்லை. கறைக்கும் வாடைக்கும் சேர்த்துச் சுத்தம் செய்ய 120 டாலர். பின் பம்பரில் ஒரு கீறலுக்கு 95. அந்தக் கீறல் நான் எடுக்கும்போதே இருந்தது, படம் எடுத்து வைக்கவில்லை. 31 வருஷம் வண்டியை வாங்கும்போதெல்லாம் சுற்றிப் பார்த்துக் குறித்துக் கையெழுத்துப் போட்டவன், அன்று மகன் கூட வந்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். பேட்டரியைப் பற்றிச் சொன்னேன், குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். குறித்த மாதிரி தெரியவில்லை. 1,000 டாலர் பிணையில் 215 போக மீதி பதினோராவது நாள் வந்தது.

அன்று சாயங்காலம் பீகாவிலிருந்து போன்.

"என்ன டிரைவரே, கலெக்‌ஷன் எவ்வளவு?"

"நஷ்டம் கண்டக்டரே. 215 பிடிச்சுட்டான்."

"எதுக்கு?"

"மஞ்சளுக்கு நூத்தி இருபது. பழைய கீறலுக்கு மிச்சம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் மாடு கத்தியது.

"பேட்டரி பூத்திருந்ததை எழுதிக் கொடுத்தீரா?"

"வாயில சொன்னேன்."

"வாயில சொன்னா எந்த டிப்போவுல கேட்டான்? லாக் ஷீட்ல எழுதும்."

எழுதிவிட்டேன், கண்டக்டரே.